நடுக்கம் அவருக்கு... அவசரம் நமக்கு!

பார்க்கின்சன்ஸ் வந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மயிலாப்பூர் என்ன செய்யலாம்?

மாதத்தின் முதல் வாரம். மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளை. பென்ஷன் வாங்க வந்தவர்கள் எல்லா நாற்காலிகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். மணி பன்னிரண்டரை. பலகையில் 47 எரிகிறது. அது என் பெரியப்பாவின் டோக்கன். அவர் எழுந்திருக்கிறார்.

எழுந்திருக்கிறார் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். முன்னால் சாய்ந்து, நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி, முதல் தடவை முடியாமல் உட்கார்ந்து, மறுபடி உந்தி எழுந்து, சின்னச் சின்ன அடியாக வைத்துக் கவுன்ட்டருக்குப் போய்ச் சேர ஒன்றரை நிமிஷம் ஆகிறது. அதற்குள் 48 எரிந்துவிட்டது.

பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். முதல் எழுத்து பெரிதாகத்தான் விழுந்தது. அடுத்தது கொஞ்சம் சிறுத்தது. கடைசி எழுத்துகள் எறும்பு வரிசைபோலச் சுருங்கி, ஒரு கோடாக ஓய்ந்தன. கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரில் பழைய கையெழுத்தைப் பார்க்கிறார், சீட்டைப் பார்க்கிறார். "ஒத்துவரலையே சார். இன்னொரு தடவை போடுங்க." இரண்டாவது கையெழுத்து முதலாவதைவிடச் சின்னது. பின்னால் வரிசையில் ஒருவர், "சட்டுனு முடிங்க சார், ஆபீஸ் போகணும்" என்கிறார். அவ்வளவுதான். லேசாக ஆடிக்கொண்டிருந்த கை உதறத் தொடங்கியது. பேனா கீழே விழுந்தது.

கணக்குத் துறையில் 34 வருஷம் ஃபைல் ஃபைலாகக் கையெழுத்துப் போட்டவர் அவர். என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்: "என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்து போடற மாதிரி இருக்குடா."

அன்று பணம் எடுக்காமலே திரும்பினோம்.

அந்த வரிசையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவசரம், அவ்வளவே. பார்க்கின்சன்ஸோடு வாழும் ஒருவருக்கு ஊர் செய்யக்கூடிய முதல் உதவி என்ன என்று யாராவது கேட்டால், அந்தக் கவுன்ட்டரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பணமோ மருந்தோ அதற்குப் பிறகு. அங்கே அவருக்குத் தேவைப்பட்டது இன்னும் நான்கு நிமிஷம்.

தலைக்குள் என்ன நடக்கிறது?

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஒரு சிறு நூல் எழுதினார். கை நடுங்கி, உடல் முன்னால் வளைந்து, நடை குறுகிப்போன ஆறு பேரை அதில் விவரித்திருந்தார். அவர்களில் சிலர் அவர் தெருவில் பார்த்தவர்கள். பிற்பாடு அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. அவர் பிறந்த ஏப்ரல் 11 இன்று உலக பார்க்கின்சன்ஸ் தினம். தமிழில் நடுக்குவாதம், உதறுவாதம் என்றும் சொல்வார்கள்.

மூளையின் நடுப்பகுதியில் கருமையான ஒரு சிறு பட்டை இருக்கிறது. டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அங்கே இருக்கின்றன. நினைத்தவுடன் கை நீள்வதற்கும், யோசிக்காமலே கால் நடப்பதற்கும் அந்த டோபமின் வேண்டும். இந்த நோயில் அந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. வெளியே முதல் அறிகுறி தெரியும்போது உள்ளே பெரும் பகுதி போயிருக்கும்.

எல்லோருக்கும் நடுக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலருக்கு உடல் இறுகும், அசைவு மந்தமாகும், அவ்வளவுதான். நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருஷங்கள் முன்பே சில சின்ன மாற்றங்கள் வருவதுண்டு. காபி டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை தெரியாமல் போவது. தீராத மலச்சிக்கல். தூக்கத்தில் கத்துவது, கை காலை வீசுவது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குவது. எழுத்து சிறுத்துக்கொண்டே போவது. வாசலை அடைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமியின் கோலம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுவது நல்லது.

■ எண்களில் பார்க்கின்சன்ஸ்

• உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுவதும் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் 85 லட்சத்துக்கும் மேல்.

• 1990-ல் 25 லட்சமாக இருந்த எண்ணிக்கை, 2016-ல் 61 லட்சமானது என்கிறது உலக நோய்ச்சுமை ஆய்வு. அதே 2016-ல் இந்தியாவின் பங்கு சுமார் 5.8 லட்சம்.

• மும்பை பார்சி சமூகத்தில் 1980-களில் நடந்த கணக்கெடுப்பில், லட்சம் பேருக்கு 328 பேரிடம் இந்த நோய் காணப்பட்டது. இந்தியாவின் மற்ற ஆய்வுகளில் கிடைத்ததைவிட இது பல மடங்கு அதிகம்.

• முதியவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-ல் இது கண்டறியப்பட்டபோது வயது 29.

சேப்பாக்கத்தில் கிடைத்த விதை

இந்த நோயின் கதையில் சென்னைக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் சேப்பாக்கம். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் 1937-ல் எம். தாமோதரன், ஆர். ராமஸ்வாமி என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது எதற்குப் பயன்படும் என்று அன்று உலகில் யாருக்கும் தெரியாது. பார்க்கின்சன்ஸ் வந்தவர்களின் மூளையில் டோபமின் வற்றிப்போயிருக்கிறது என்பதே 1960-ல்தான் தெரிய வந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட லெவோடோபா கைகொடுக்கும் என்று 1960-களில் நிரூபணமானது. இன்றும் இந்த நோய்க்குத் தலையாய மருந்து அதுதான்.

பூனைக்காலியை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி, மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிடக் கூடாது. இரண்டிலும் இருப்பது ஒரே பொருள். அளவு தெரியாமல் கூட்டினால் ஆபத்து.

அறுவை சிகிச்சையிலும் சென்னை பிந்தியிருக்கவில்லை. 1950-ல் அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. தலையில் சிறு துளையிட்டு, மூளையின் குறிப்பிட்ட புள்ளியைத் தொடும் அறுவை முறையில் அவருடைய குழு பேர் வாங்கியது. அந்தக் குழுவில் வளர்ந்தவர் டாக்டர் டி.எஸ். கனகா. ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர். மூளைக்குள் மின்முனைகளை நிலையாகப் பதிக்கும் சிகிச்சையை 1975-லேயே செய்தவர். இன்று லட்சக்கணக்கில் செலவாகும் 'டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்' சிகிச்சைக்கு இந்தியாவில் அவர் ஒரு முன்னோடி.

ஆக, மருந்தும் இருக்கிறது, மருத்துவர்களும் இருக்கிறார்கள். நோயை முழுசாகக் குணப்படுத்தும் வழிதான் இன்னும் வரவில்லை. மருத்துவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பதினைந்து நிமிஷம் பார்க்கிறோம். மிச்ச நாளெல்லாம் வீட்டோடும் தெருவோடும் கழிகிறது.

கடிகாரத்தோடு குடித்தனம்

பெரியப்பாவுக்கு ஐந்து வேளை மாத்திரை. காலை 6, 9.30, மதியம் 1, மாலை 4.30, இரவு 8. பெரியம்மாவின் செல்போனில் ஐந்து அலாரம். இந்த வீடுகளில் பேசப்படும் மொழியே தனி. "இப்போ ஆன்ல இருக்கார்", "ஆஃப் ஆயிட்டார்", "மாத்திரை இன்னும் ஏறலை". மாத்திரை வேலை செய்யும்போது அவர் தானே ஷேவ் செய்துகொள்வார், செய்தித்தாளைப் பிரித்துப் படிப்பார். அதன் பலம் இறங்கினால், அதே மனிதரால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது.

நோய் முற்ற முற்ற ஒரு மாத்திரையின் பலம் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். பருப்பு, தயிர், பால் போன்றவற்றில் இருக்கும் புரதமும் லெவோடோபாவும் உடலுக்குள் ஒரே வாசல் வழியாகப் போகப் போட்டி போடுகின்றன. அதனால் பலருக்குச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்பே மாத்திரையைப் போட்டுவிடச் சொல்கிறார்கள். கல்யாணப் பந்தியில் "முதல் பந்தியிலேயே உக்காருங்கோ மாமா" என்று கையைப் பிடித்து இழுப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

வங்கியில் டோக்கன் வந்தது பன்னிரண்டரைக்கு. ஒன்பதரை மாத்திரை இறங்கி, ஒரு மணி மாத்திரைக்குக் காத்திருந்த நேரம் அது. பத்தரைக்குக் கூப்பிட்டிருந்தால் கையெழுத்து ஓரளவு ஒத்துவந்திருக்கும். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கே இரண்டு வருஷம் ஆனது.

புரியாதவர்களின் தீர்ப்பு கடுமையாக இருக்கும். "காலையில பார்க்ல நல்லாத்தான் நடந்தார், இப்போ பொண்டாட்டி தூக்கி விடணும்னு நடிக்கிறார்." எதிர்வீட்டிலிருந்து வந்த பேச்சு இது. வேறு வியாதிக்காக மருத்துவமனையில் சேர்த்தால் இன்னொரு சிக்கல். வார்டில் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் நேரத்தில்தான் இவருக்கும் கொடுப்பார்கள். ஒரு மணி நேரத் தாமதம்கூட இவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடும். இதற்காகவே பிரிட்டனில் 'வேளை தவறாமல் கொடுங்கள்' என்று ஓர் இயக்கமே நடக்கிறது. நம் வீடுகளில் செய்யக்கூடியது எளிது: மாத்திரை நேரங்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, கேஸ் ஷீட்டோடு செருகிவிடுவது. வாந்திக்குக் கொடுக்கும் சில சாதாரண மருந்துகள் இந்த நோயை மோசமாக்கும் என்பதையும் அதே அட்டையில் எழுதச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.

வெளியே சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. சில பார்க்கின்சன்ஸ் மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத ஆசைகளைக் கிளப்பிவிடும். ஆன்லைனில் வாங்கிக் குவிப்பது, சூதாட்டம், சாப்பிட்டுக்கொண்டே இருப்பது. "இந்த வயசுல இவருக்குப் புத்தி இப்படிப் போகுதே" என்று மனைவி மனசுக்குள் அழுதுகொண்டிருப்பார். அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்ற முடியும். தானாக மருந்தை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

நிலைப்படியில் நிற்கும் கால்

இன்னொரு விசித்திரம், கால் உறைந்துபோவது. கூடத்தில் நன்றாக நடந்து வந்தவர் நிலைப்படிக்கு முன்னால் நின்றுவிடுவார். பாதத்தைப் பசை போட்டு ஒட்டியதுபோல. குறுகலான வழி, திரும்ப வேண்டிய மூலை, கூட்டம், யாராவது அவசரப்படுத்துவது... இவையெல்லாம் காலைப் பூட்டும். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் உடல் முன்னால் வரும், கால் வராது. விழுவார். இடுப்பெலும்பு முறிவில் போய் முடிந்த கதைகள் பல.

வியப்பு என்னவென்றால், தானாக நகர மறுக்கும் அதே கால், எதிரே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டிவிடும். தரையில் அடிக்கு அடி குறுக்கே ஒட்டிய வண்ண டேப், மொசைக் தரையின் கட்டங்கள், எதிரில் நிற்பவர் குறுக்கே நீட்டிய பாதம்... ஏதாவது ஒன்று போதும். தாளமும் அப்படித்தான். சீரான தாளத்துக்கு அடி வைத்தால் நடையின் வேகமும் எட்டின் நீளமும் கூடுகின்றன என்று அமெரிக்காவில் மைக்கேல் தாட் குழு 1996-ல் ஆய்வு செய்து காட்டியது. மயிலாப்பூரில் தாளம் போடத் தெரிந்த ஆளுக்கா பஞ்சம்? பெரியப்பா நின்றுவிட்டால் பெரியம்மா கையைப் பிடிக்க மாட்டார். எதிரே நின்று ஆதி தாளம் போடுவார். மூன்றாவது தட்டில் கால் எழும்.

பங்குனிப் பெருவிழாவில் கபாலீஸ்வரர் தேரைப் பார்த்திருப்பீர்கள். நேர் வீதியில் கம்பீரமாக வரும் தேர், மாட வீதி மூலைக்கு வந்ததும் நின்றுவிடும். அப்போது யாரும் தேரைத் திட்டுவதில்லை. முட்டுக்கட்டை போடுகிறவர் போடுவார், வடம் பிடித்தவர்கள் நிற்பார்கள், சைகை கிடைத்த பிறகே இழுப்பார்கள். மூலை திரும்பும் வரை ஊரே காத்திருக்கும். அதே மூலையில் கால் பூட்டிக்கொண்டு நிற்கும் மனிதருக்குப் பின்னால் ஆட்டோக்காரர் ஹார்ன் அடிப்பார்.

லஸ் பக்கம் மெட்ரோ ரயிலுக்காக வீதிகளைத் தோண்டிய பிறகு பாதை குறுகி, தடுப்புகள் கூடிவிட்டன. நமக்கு அது எரிச்சல். இவர்களுக்கு ஒவ்வொரு தகரத் தடுப்பும் ஒரு நிலைப்படி. பல பேர் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

சிரிக்காத முகம், கேட்காத குரல்

இந்த நோய் முகத் தசைகளையும் இறுக்குகிறது. உள்ளே சிரிப்பார், முகத்தில் தெரியாது. கேட்ட ஜோக்கைப் புரிந்துகொண்டார், ரசித்தார். ஆனால், எதிரில் இருப்பவர் கல்லைப் பார்த்ததுபோலக் கிளம்பிவிடுவார். குரலும் தேய்ந்துபோகும். தனக்குச் சத்தமாகவே கேட்கும், அடுத்தவருக்கு முணுமுணுப்பு. நான்கு பேர் பேசும் இடத்தில் இவர் வாய் திறப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். கொஞ்ச நாளில் பேசுவதை நிறுத்துவார். பிறகு போவதை. அதன் பிறகு பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட "மாமாவால வர முடியாது, நீங்க மட்டும் வாங்கோ" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த நோயோடு மனச்சோர்வும் அடிக்கடி சேர்ந்தே வரும். டோபமின் குறைவது அதற்கு ஒரு காரணம். தனிமை அதைக் கூட்டும்.

இந்த நோய் இருந்த லீ சில்வர்மன் என்ற பெண்ணின் பெயரில் 1980-களில் அமெரிக்காவில் ஒரு பேச்சுப் பயிற்சி உருவானது. அதன் சாரம் ஒரே கட்டளை: சத்தமாக! தொண்டை திறந்து, முழு மூச்சில், தினமும். பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் கபாலி கோயில் மாட வீதிகளைச் சுற்றிப் பஜனை பாடி நடந்த ஊர் இது. இன்றும் மார்கழியில் அந்தப் பஜனை நடக்கிறது. கூடச் சேர்ந்து உரக்கப் பாட வேண்டும், ஜால்ராவின் தாளத்துக்கு அடி வைக்க வேண்டும், தெரிந்த முகங்களைப் பார்க்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டும் பேச்சுப் பயிற்சியாளரும் தனித்தனியே சொல்லும் மூன்று விஷயம் ஒரே வரிசையில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வரிசை கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும், இவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

ஒரு ஸ்ட்ராவின் கதை

இந்த நோய் என்னவென்று பல தமிழர்களுக்கு ஒரு ஸ்ட்ராவால்தான் தெரிந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடிகளிடையே வேலை செய்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபர் 8-ல் ஒரு வழக்கில் கைதானார். வயது 83, பார்க்கின்சன்ஸ். கை நடுக்கத்தால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, ஸ்ட்ராவும் சிப்பரும் வேண்டும் என்று நவம்பரில் நீதிமன்றத்தில் கேட்டார். பதில் சொல்ல தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. சிப்பர் பிற்பாடு கிடைத்தது. 2021 ஜூலை 5-ல் காவலில் இருக்கும்போதே மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

வழக்கைப் பற்றி எந்தக் கருத்து உள்ளவரும் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்ட்ரா ஏன் சலுகையாகத் தெரிந்தது? நம் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. விருந்தாளியாகப் போன இடத்தில் விளிம்பு வரை காபி நிறைத்த டம்ளரை நீட்டுவார்கள். அவர் "வேண்டாம், இப்பதான் குடிச்சேன்" என்று பொய் சொல்லுவார். வேட்டியில் சிந்திவிடும் என்ற பயம். அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்திருந்தால் குடித்திருப்பார்.

சம்பளம் இல்லாத முழுநேர வேலை

நோய் ஒருவருக்கு, வேலை இருவருக்கு. பெரியம்மாவுக்கு 71 வயது. தானே முழங்கால் வலிக்காரர். ராத்திரி பெரியப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கிறார். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு ஃப்ளாட்டுகளில் இந்தக் காட்சி வீட்டுக்கு வீடு ஒன்றே: வயதான ஒருவர், அவரைவிடக் கொஞ்சம் குறைந்த வயதுள்ள இன்னொருவர், பிள்ளைகள் நியூஜெர்ஸியிலோ சிட்னியிலோ. வீடியோ காலில் பையன், "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்பான். "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்க நேரம் இருக்காது.

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஏஜென்சி மூலம் வரும் பெண்ணுக்கோ பையனுக்கோ இந்த நோயைப் பற்றி யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். கையைப் பிடித்து இழுப்பார்கள். மெதுவாகச் சாப்பிட்டால் ஊட்டிவிடுவார்கள். தானே செய்துகொண்டிருந்த வேலையும் அவர் கையை விட்டுப் போகும். விழுங்குவதில் தொல்லை உள்ளவருக்கு அவசரமாக ஊட்டினால் புரையேறி, நுரையீரல் வரை ஆபத்து.

கூடினால் என்ன கிடைக்கும்?

மும்பையில் 2001-ல் தொடங்கிய 'பார்க்கின்சன்ஸ் டிசீஸ் அண்ட் மூவ்மென்ட் டிஸார்டர் சொசைட்டி' நாட்டின் பல ஊர்களில் ஆதரவுக் குழுக்களை நடத்துகிறது. உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, பாட்டு, விளையாட்டு எல்லாம் நோயாளியும் வீட்டாரும் சேர்ந்தே. புனேயில் 'பார்க்கின்சன்ஸ் மித்ர மண்டல்' என்று நோயாளிகளும் பராமரிப்பவர்களும் நட்பு வட்டமாகவே கூடுகிறார்கள். அதே புனேயில் நடனக் கலைஞர் ரிஷிகேஷ் பவார் இவர்களுக்கென்று நடன வகுப்பு நடத்தினார். நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001-ல் ஆரம்பித்த வகுப்புதான் உலகம் முழுக்கப் பரவிய அந்த யோசனைக்கு வித்து. சென்னையிலும் கூடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நரம்பியல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கேட்டால் வழி சொல்வார்கள்.

அங்கே போனால் மருந்துச் சீட்டில் இல்லாத வைத்தியம் கிடைக்கும். படுக்கையில் புரள வழுவழுப்பான துணி விரிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்வார். பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ வைத்துத் தைக்கும் டெய்லர் யார், ஒட்டிக்கோ வேட்டி எந்த அளவு வாங்க வேண்டும் என்று இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். கைப்பிடி தடித்த ஸ்பூன், ஓரம் உயர்ந்த தட்டு, கழிவறைச் சுவரில் எந்த உயரத்தில் பிடி வைக்க வேண்டும் என்பதெல்லாம் பேச்சுவாக்கில் வரும். இதைவிடப் பெரிய விஷயம், எதையும் மறைக்கத் தேவையில்லாத ஒரு கூடம் கிடைப்பது. எல்லோர் கையும் ஆடும் இடத்தில் காபி சிந்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதற்குப் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. மயிலாப்பூரில் சபா அரங்குகள் காலை வேளைகளில் சும்மா இருக்கின்றன. நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடைபாதையும் நிழலும் பெஞ்சுகளும் இருக்கின்றன. பரதநாட்டியம் கற்றவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள், மாத்திரை ஏறியிருக்கும் பத்தரை மணிக்கு, லிஃப்ட்டோ சாய்வுத்தளமோ உள்ள ஓர் இடம், தாளம் போட ஒருவர், பிசியோதெரபி படிக்கும் மாணவர்கள் இருவர். ஆரம்பிக்க இவ்வளவு போதும்.

■ சட்டமும் சலுகையும்

• 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் பார்க்கின்சன்ஸும் ஒன்று. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாகச் சான்று பெற்றால், அடையாள அட்டையும் அதனுடன் வரும் சலுகைகளும் கிடைக்கும்.

• தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்கும் பிரிவுகளில் பார்க்கின்சன்ஸ் நோயும் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

• 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டோடு முடங்கியவர்களுக்கு இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

• கையெழுத்துப் போட முடியாதவர்களிடம், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வாங்கிப் பணம் கொடுக்க ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருகின்றன. சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

• பென்ஷன்காரர்களின் வாழ்வுச் சான்றிதழை, விரல்ரேகை இல்லாமல் முகத்தைக் காட்டியே செல்போன் மூலம் பதியலாம்.

■ பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடியவை

• கேள்வி கேட்டால் பத்து எண்ணும் வரை பதிலுக்குக் காத்திருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள்.

• கால் பூட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுங்கள்.

• நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது அவருக்குக் கடினம்.

• டம்ளரில் பாதி ஊற்றுங்கள். ஸ்ட்ரா இருந்தால் கேட்காமலே போடுங்கள்.

• வீட்டுக்குப் போவதற்கு முன் ஃபோனில் "எத்தனை மணிக்கு வந்தா சௌகரியம்?" என்று கேளுங்கள்.

• "ஏதாவது வேணும்னா சொல்லுங்கோ மாமி" என்பதோடு நிறுத்தாதீர்கள். நாளும் நேரமும் சொல்லுங்கள்: "வியாழக்கிழமை அஞ்சு மணியிலேர்ந்து எட்டரை வரைக்கும் நான் உக்காந்துக்கறேன்."

எட்டு மணி மாத்திரை

அந்தப் பட்டியலில் கடைசியாகச் சொன்னது எங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது.

அவருக்குக் கச்சேரி என்றால் உயிர். போன டிசம்பர் சீஸனுக்கு முந்தைய ஆறு வருஷமும் அவர் எந்தக் கச்சேரியையும் முழுசாகக் கேட்டதில்லை. மாலைக் கச்சேரிக்கு வருவார். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். மயிலாப்பூரில் அது வழக்கம்தானே, மிருதங்கக்காரர் வாசிக்க ஆரம்பித்தால் பாதி சபா கேன்டீனில் நிற்கும். அதனால் பெரியம்மா எழுந்து போவதை யாரும் கவனித்ததில்லை. அவர் கேன்டீன் பக்கம் போகவில்லை. எட்டு மணி மாத்திரைக்கு ஓடினார்.

போன சீஸனில் கீழ் வீட்டுப் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறவள், ஒரு நாள் மேலே வந்தாள். "மாமி, மாத்திரைய எந்த டப்பாவுல இருந்து எடுக்கணும், எப்படிக் குடுக்கணும்னு காட்டுங்கோ. வியாழக்கிழமை நான் பார்த்துக்கறேன்." பெரியம்மா காட்டினார். அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அரை டம்ளர் தண்ணீர், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு, இட்லி அரை மணி கழித்து.

அந்த வியாழக்கிழமை நானும் பெரியம்மாவோடு போயிருந்தேன். தனி தொடங்கியது. பழக்கதோஷத்தில் அவர் கை பைக்குப் போனது. செல்போனைப் பார்த்தார். எட்டு மணி அலாரம் சத்தமில்லாமல் அதிர்ந்தது. அதை அணைத்தார். கூடவே ஒரு மெசேஜ் வந்து விழுந்தது: "குடுத்தாச்சு மாமி."

பெரியம்மா பையைக் காலடியில் வைத்துவிட்டு, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். மங்களம் வரை எழுந்திருக்கவில்லை.